ஊற்றும் முன் உறுதி செய்யுங்கள்: மூக்குக் குழாய் உணவு பற்றி வாசகர் கேள்வி–பதில்

விழுங்க முடியாதவர்களுக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாயில் உணவு கொடுப்பது பற்றி, வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்களும் செவிலியர் மாணவர்களும் கேட்டவை இவை. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பக்கவாதம் வந்த அப்பாவுக்கு ரைல்ஸ் ட்யூப் (மூக்குக் குழாய்) போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சிரிஞ்சால் காற்றை அடித்து, வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும். 'புஸ்' என்று சத்தம் வந்தால் குழாய் சரியான இடத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது போதுமா?

பதில்: போதாது. இன்றோடு விட்டுவிட வேண்டிய பழக்கம் இது. குழாயின் நுனி நுரையீரலுக்குள் இருந்தாலும், உணவுக்குழாயில் பாதியிலேயே நின்றிருந்தாலும், அடித்த காற்றின் சத்தம் மேல்வயிற்றில் கேட்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசைத்திரை மட்டும்தான் இருக்கிறது. சத்தத்தை அது தடுக்காது. நுரையீரலில் இருக்கும் குழாயை இரைப்பையில் இருப்பதாக நம்பி உணவை ஊற்றியதால் உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் பிரிட்டனின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2005-லேயே இந்தக் காற்றுச் சோதனையை நம்பக் கூடாது என்று எச்சரித்தது. அதன்பின் அங்கே, தவறான இடத்தில் இருக்கும் குழாயைக் கவனிக்காமல் பயன்படுத்துவது 'ஒருபோதும் நடக்கக் கூடாதவை' என்ற பட்டியலிலும் சேர்ந்தது.

நம்பக் கூடாத வேறு சில சோதனைகளும் புழக்கத்தில் இருக்கின்றன. குழாயின் வெளிமுனையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது ஒன்று. லிட்மஸ் தாளில் தொட்டுப் பார்ப்பது இன்னொன்று. நுரையீரல் திரவத்தையும் இரைப்பைத் திரவத்தையும் பிரித்துக் காட்டும் அளவுக்கு லிட்மஸ் நுட்பமானதல்ல. எல்லாவற்றையும் விட ஆபத்தானது, 'இருமவில்லை, அதனால் சரியாகத்தான் இருக்கும்' என்று நினைப்பது. பக்கவாதத்தாலோ நினைவு மங்கியதாலோ இருமல் அனிச்சை குறைந்தவருக்கு, குழாய் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாமல் போகலாம்.

சரியான முறை இது. குழாயைப் புதிதாகப் போட்டவுடன், பயிற்சி பெற்றவர் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) சோதனையாலோ எக்ஸ்ரேயாலோ அதன் இடத்தை உறுதி செய்ய வேண்டும். மூக்குத் துவாரத்தில் குழாயின் எந்த செ.மீ. குறி நிற்கிறது என்பதை அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். அழியாத பேனாவால் குழாயிலும் ஒரு கோடு போடுங்கள். பிறகு ஒவ்வொரு முறை உணவோ மருந்தோ தண்ணீரோ கொடுக்கும் முன்பும், பலமான இருமலோ வாந்தியோ வந்து போன பிறகும் மூன்றைப் பாருங்கள். கோடு அதே இடத்தில் இருக்கிறதா? டார்ச் அடித்துப் பார்த்தால் வாய்க்குள் குழாய் சுருண்டு கிடக்கிறதா? சிரிஞ்சால் மெல்ல இழுத்தெடுத்த திரவத்தின் பிஎச் எவ்வளவு? 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் உணவு கொடுக்கலாம். 5-க்கும் 6-க்கும் நடுவே, திரவம் பட்டதும் நிறம் மாறும் பிஎச் பட்டையின் நிறத்தைப் பிரித்தறிவது கடினம். இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். 6 அல்லது அதற்கு மேல் என்றால் கொடுக்கக் கூடாது.

கடைசியாக உணவோ மருந்தோ கொடுத்து ஒரு மணி நேரமாவது ஆன பிறகு சோதியுங்கள். உள்ளே இருக்கும் உணவு அமிலத்தை நீர்க்கச் செய்து, பிஎச்சை உயர்த்திக் காட்டும். பட்டை வாங்கும்போது மனித இரைப்பைத் திரவத்தைச் சோதிப்பதற்கென்றே தயாரித்ததாகவும், 0.5 அளவுப் படிகளில் நிறம் காட்டுவதாகவும் பார்த்து வாங்குங்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்குக் குழாய் சரியாக இருந்தாலும் பிஎச் 6-ஐத் தாண்டலாம். அவருக்கு எந்த அளவை ஏற்பது, அதோடு வேறு எதைப் பார்ப்பது என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். அந்தத் தாள் கையில் இல்லாமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள்.

கேள்வி: இழுத்துப் பார்த்தால் சில நேரம் குழாயில் ஒன்றுமே வருவதில்லை. அப்போது உணவு கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். குழாயின் நுனி இரைப்பைச் சுவரில் ஒட்டியிருக்கலாம். திரவ மட்டத்துக்கு மேலே, காற்று நிற்கும் பகுதியில் இருக்கலாம். நோயாளியை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, 15 முதல் 30 நிமிடம் கழித்து மறுபடி இழுங்கள். இரைப்பையின் அகன்ற பகுதி இடப்பக்கம் இருப்பதால் திரவம் அங்கே தேங்கும். அப்போதும் வராவிட்டால் பெரியவர்களுக்கு 10–20 மி.லி. காற்றை மெதுவாகச் செலுத்திவிட்டு இழுங்கள் (குழந்தைகளுக்கு 1–5 மி.லி. மட்டும்). இந்தக் காற்று சத்தம் கேட்பதற்காக அல்ல. சுவரில் ஒட்டிய நுனியை விடுவிப்பதற்காக. வாயைச் சுத்தம் செய்வதும் உதவும். அது இரைப்பை நீரைச் சுரக்க வைக்கும்.

இழுக்கும் வேகத்திலும் விஷயம் இருக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் மெல்லிய குழாய் உள்ளுக்குள்ளேயே சப்பிப்போய் அடைத்துக்கொள்ளும். 50 அல்லது 60 மி.லி. சிரிஞ்சை எடுத்து, பிஸ்டனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுங்கள். குழாயை உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோ சரிசெய்வது பயிற்சி பெற்ற செவிலியர் செய்ய வேண்டியது. எதுவும் பலிக்காவிட்டால் அந்த வேளை உணவை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியைக் கேளுங்கள். 'கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்ப்போம்' என்று மட்டும் தொடங்காதீர்கள். நுரையீரலுக்குள் தண்ணீர் போவதும் ஆபத்துதான்.

கேள்வி: ஒரு வேளை உணவை முதலிலிருந்து கடைசி வரை எப்படிக் கொடுப்பது? எனக்குக் காட்டித் தந்தவர் பிஸ்டனால் அழுத்தி ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்.

பதில்: ஐந்து நிமிடம் மிகக் குறைவு. அழுத்தித் தள்ளும் உணவு இரைப்பையைத் திடீரென்று விரிக்கும். மேலே எதுக்களித்துத் தொண்டைக்கு வரும். அங்கிருந்து புரையேறி நுரையீரலுக்குள் இறங்கும்.

படுக்கையின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்துங்கள். உடல் கீழே சரிந்து, தலையணையில் கழுத்து மட்டும் மடங்கி நிற்பதை உயர்த்தியதாகக் கொள்ள முடியாது. இடுப்பு சரியாகக் கட்டில் மடியும் இடத்தில் இருக்கும்படி நோயாளியை மேலே நகர்த்துங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குழாயின் இடத்தை மேலே சொன்னபடி உறுதி செய்யுங்கள். உணவு அறை வெப்பநிலையில் இருக்கட்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் கொடுத்தால் வயிறு பிசையும்.

இனி குழாயை விரல்களால் மடக்கிப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறங்கள். மடக்காமல் திறந்தால் காற்று உள்ளே போகும். உள்ளிருப்பதும் வெளியே வழியும். பிஸ்டனைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சின் உருளையை மட்டும் குழாயில் இறுக்கமாகப் பொருத்துங்கள். 30 மி.லி. தண்ணீர் ஊற்றி மடக்கை விடுங்கள். அது தானாக இறங்க வேண்டும். பின் உணவை ஊற்றுங்கள். சிரிஞ்ச் முழுவதும் காலியாகும் முன்பே அடுத்ததை ஊற்றினால் இடையில் காற்று நுழையாது. வேகத்தைக் கட்டுப்படுத்துவது உயரம்தான். மூக்கிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் தூக்காதீர்கள். வேகமாக இறங்கினால் கையைத் தாழ்த்துங்கள், நின்றுபோனால் சற்று உயர்த்துங்கள். 250 மி.லி. உணவுக்குக் குறைந்தது 15–20 நிமிடம் ஆகட்டும். குமட்டல் உள்ளவருக்கு அரை மணி நேரம் கூட எடுத்துக்கொள்ளலாம். முடிந்ததும் மறுபடி 30 மி.லி. தண்ணீர், மடக்கு, மூடி. அடுத்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை தலை உயர்ந்தே இருக்க வேண்டும். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, முதுகு தேய்ப்பது போன்று படுக்க வைக்க வேண்டிய வேலைகளை உணவுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நடுவில் இருமல், மூச்சுத் திணறல், உதட்டில் நீலம், தொண்டையில் கரகரவென்ற ஈரச் சத்தம், வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த நொடியே குழாயை மடக்கி நிறுத்துங்கள். வாந்தி எடுத்தால் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, வாயைத் துடைத்து எடுங்கள். மூச்சு சரியாகவில்லை என்றால் உடனே அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

கெட்டுப்போவது பற்றியும் ஒரு வார்த்தை. பொடியைக் கலக்கிய உணவும் வீட்டில் அரைத்து வடிகட்டிய உணவும் வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிடுங்கள். திறந்த பாட்டிலை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சிரிஞ்சை ஒவ்வொரு முறையும் பிரித்து, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, காற்றில் உலர்த்துங்கள்.

கேள்வி: மாமியாருக்கு ஆறு மாத்திரைகள். எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்து உணவோடு கலந்து கொடுக்கிறோம். குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. பழச்சாறோ கோலாவோ விட்டால் அடைப்பு எடுக்கும் என்கிறார்களே, செய்யலாமா?

பதில்: அடைப்புக்கான காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். மாத்திரைத் தூளும் உணவிலுள்ள புரதமும் சேர்ந்து கட்டியாகிக் குழாயில் படிகின்றன. மருந்தை உணவோடு கலக்கவே கூடாது. மாத்திரைகளையும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாக மாவுபோலப் பொடித்து, 15–30 மி.லி. தண்ணீரில் குறுணை மிஞ்சாமல் கலக்குங்கள். உணவை நிறுத்தி 30 மி.லி. தண்ணீர் விடுங்கள், ஒரு மருந்து, பின் குறைந்தது 15 மி.லி. தண்ணீர், அடுத்த மருந்து, கடைசியில் மீண்டும் 30 மி.லி. ஆறு மருந்துக்கு இது நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் அடைத்த குழாயைக் கழற்றி, புதிதாக இன்னொன்றைப் போடும்போது அவர் படும் வேதனையோடு ஒப்பிட்டால் அந்த நேரம் ஒன்றுமே இல்லை. நீரிழப்பு, இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தத் தண்ணீரையும் அன்றாடக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எல்லா மாத்திரையையும் பொடிக்க முடியாது என்பது இதைவிட முக்கியம். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், ஈஆர், எக்ஸ்எல், சிஆர் என்று இருந்தால் அது மெல்லக் கரைந்து நாள் முழுவதும் வேலை செய்யும் மாத்திரை. பொடித்தால் ஒரு நாள் மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் இறங்கும். ரத்த அழுத்த மாத்திரையாக இருந்தால் அழுத்தம் சரிந்து மயக்கமே வரலாம். அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் போல, அமிலத்தில் கரையாத மேலுறை போட்ட மாத்திரைகளைப் பொடித்தால் இரைப்பை அமிலத்தில் மருந்து வீணாகும். உறைத் துணுக்குகள் குழாயில் சிக்கும். புற்றுநோய் மாத்திரைகளை வீட்டில் பொடிக்கவே வேண்டாம். தூளைச் சுவாசிப்பவருக்கும் கெடுதல். ஆறு மாத்திரைகளின் பெயர்களையும் எழுதி எடுத்துக்கொண்டு போய், குழாயில் கொடுப்பதற்கு ஏற்ற மாற்று வடிவம் எதற்கெல்லாம் இருக்கிறது என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். வலிப்புக்கான ஃபெனிட்டோயின் உணவோடு சேர்ந்தால் உடலில் சரியாக ஏறாது. அதற்கு முன்னும் பின்னும் 1 முதல் 2 மணி நேரம் உணவு இல்லாமல் இடைவெளி விடச் சொல்வார்கள். தைராய்டுக்கான லெவோதைராக்சின், ஆன்டிபயாடிக்கான சிப்ரோஃப்ளாக்சாசின் இரண்டுக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடைத்தால், பழச்சாறு வேண்டாம், கோலாவும் வேண்டாம். இரண்டிலும் இருக்கும் அமிலம் உணவின் புரதத்தைத் திரிய வைத்து அடைப்பை இன்னும் இறுக்கும். முதலில் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால், 50 மி.லி. சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து, பிஸ்டனை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். நகரவில்லையா? தண்ணீர் உள்ளே இருக்கும்படியே மூடி, 20–30 நிமிடம் ஊறவிட்டு மறுபடி முயலுங்கள். சின்ன சிரிஞ்சால் பலமாக அழுத்தும் எண்ணம் வரும், அதைச் செய்யாதீர்கள். சிரிஞ்ச் சிறியதாக ஆக அழுத்தம் கூடும், குழாய் உள்ளே வெடிக்கும். கம்பி எதையும் விட்டுக் குத்தாதீர்கள். குழாயோடு வந்த உள்கம்பியைக்கூட, குழாய் உடலுக்குள் இருக்கும்போது மறுபடி செருகக் கூடாது. பக்கத் துளை வழியாக வெளியே வந்து இரைப்பையைக் கிழித்துவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு மறதி நோய். குழாயை இழுத்துவிடுகிறார். பாதி வெளியே வந்ததைத் திரும்ப உள்ளே தள்ளலாமா? கையைக் கட்டிவைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். 55 செ.மீ. குறியில் இருந்த குழாய் 40-க்கு வந்துவிட்டால் நுனி உணவுக்குழாயில் நிற்கும். அப்போது உணவு கொடுத்தால் அது நேராகத் தொண்டைக்கு ஏறும். நீங்கள் தள்ளினால் குழாய் வாயில் சுருளலாம், மூச்சுக்குழாயிலும் நுழையலாம். உணவை நிறுத்தி, குழாயை அந்த நிலையிலேயே ஒட்டிவிட்டு ஆஸ்பத்திரியைக் கேளுங்கள். அவர் திணறினாலோ குழாய் வாயில் சுருண்டு ஓங்கரித்தாலோ காத்திருக்க வேண்டாம்: பிளாஸ்டரைப் பிரித்து, குழாயை மடக்கிப் பிடித்தபடி, ஒரே சீராக வெளியே இழுத்துவிடுங்கள். மடக்குவது எதற்கென்றால், குழாயில் மிச்சமிருப்பது தொண்டையைக் கடக்கும்போது சொட்டாமல் இருக்க.

அவருக்குச் சர்க்கரை நோய் இருந்து இன்சுலின் போட்டபின் குழாய் வந்துவிட்டால் அதை அவசர நிலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உணவு போக வழியில்லை, இன்சுலின் வேலை செய்துகொண்டே இருக்கும். உடனே சர்க்கரையைச் சோதித்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். விழுங்க முடியாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றக் கூடாது. இனிமேல் குழாயின் இடத்தை உறுதி செய்தபின் இன்சுலின் என்ற வரிசையை மருத்துவரிடம் பேசி வகுத்துக்கொள்ளுங்கள்.

கையைக் கட்டினால் பதற்றம் கூடும், மணிக்கட்டில் புண் வரும். ஏன் இழுக்கிறார் என்று பாருங்கள். மூக்கில் அரிப்பா, பிளாஸ்டர் இழுக்கிறதா, தடித்த குழாய் தொண்டையை உறுத்துகிறதா, சிறுநீர் முட்டுகிறதா? குழாயைக் கன்னத்தில் ஒட்டி, காதுக்குப் பின்னால் கொண்டுபோய், முதுகுப்பக்கம் ஆடையில் குத்திவிடுங்கள். கண்ணில் படாவிட்டாலே பாதி இழுப்பு குறையும். மெல்லிய குழாய்க்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மறதி நோய் முற்றிய நிலையில், குழாய் உணவு புரையேறுவதைத் தடுப்பதில்லை. அவருடைய எச்சிலே நுரையீரலுக்குள் போகும். பொறுமையாக வாயில் ஊட்டுவதே நல்லதா என்று குடும்பமாக உட்கார்ந்து மருத்துவரிடம் கேளுங்கள். அதில் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை.

கேள்வி: மூக்கு விளிம்பில் புண் வந்துவிட்டது. பிளாஸ்டரை எப்படி ஒட்டுவது?

பதில்: குழாய் மூக்கு விளிம்பை மேலே தூக்கியபடி ஒட்டப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது. குழாய் துவாரத்தின் நடுவில், எந்தப் பக்கமும் அழுத்தாமல் தொங்க வேண்டும். ஏழெட்டு செ.மீ. நீளப் பிளாஸ்டரை எடுத்துக் கீழ்ப்பாதியை மட்டும் நடுவில் கிழித்துக் கால்சட்டை போல ஆக்குங்கள். மேல்பாதியை மூக்குத் தண்டில் ஒட்டி, இரண்டு கால்களையும் எதிரெதிர்த் திசையில் குழாயைச் சுற்றி ஒட்டுங்கள். தினமும் மாற்றுங்கள். மாற்றும்போது ஒரு கை குழாயைவிட்டு எடுபடக் கூடாது; அந்த ஒரு நிமிடத்தில்தான் பல குழாய்கள் நழுவுகின்றன. ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த தோலில் ஒட்டுங்கள். மாற்றி முடித்ததும் செ.மீ. குறியைப் பாருங்கள். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பும் திறந்த புண்ணும் அழுத்தப் புண்ணின் தொடக்கம். செவிலியரிடம் காட்டி, அடுத்த குழாயை மற்ற துவாரத்தில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: வாயால் எதுவும் சாப்பிடாதவருக்குப் பல் தேய்க்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். மெல்லாத வாயில் எச்சில் குறைந்து கிருமி பெருகும். அந்த எச்சில் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. மென்மையான பிரஷ்ஷால் தினம் இருமுறை, தலையை உயர்த்திப் பக்கவாட்டில் திருப்பி, மிகக் குறைந்த ஈரத்தில் தேய்த்துத் துடைத்தெடுங்கள். நாக்கையும் சேர்த்து. உதட்டுக்கு ஈரப்பசை தடவுங்கள்.

கேள்வி: செவிலியர் பயிற்சியில் இருக்கிறேன். குழாய் போடும்போது அளவெடுப்பதிலும், எக்ஸ்ரே பார்ப்பதிலும் எங்கே தவறு நேர்கிறது?

பதில்: மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரை, அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்நுனி வரை அளக்கிறோம். காது மடலில் அளவைத் தளர்த்திவிடுவதும், தலை திரும்பியிருக்கும்போது அளப்பதும் வழக்கமான பிழைகள். இந்த அளவு பலருக்குச் சற்றுக் குறைவாகவே வந்து, நுனி உணவுக்குழாய் முடியும் இடத்திலேயே நின்றுவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் ஆஸ்பத்திரி நெறிமுறை கூடுதல் செ.மீ. சொன்னால் சேருங்கள். பச்சிளங்குழந்தைக்கு நெஞ்செலும்பு நுனிக்கும் தொப்புளுக்கும் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும்.

குழாயின் தடிமன் ஃப்ரெஞ்ச் அளவில்: 1 ஃப்ரெஞ்ச் என்பது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. உணவு மட்டும் கொடுக்க 8–12 போதும். வயிற்றைக் காலி செய்யத்தான் 14–16 தேவை. இருப்பில் கிடைத்தது என்பதற்காகத் தடித்ததைப் போடாதீர்கள். வாரக்கணக்கில் அதைச் சுமக்கப்போவது நோயாளி. மண்டையோட்டின் அடிப்பகுதியிலோ முகத்திலோ எலும்பு முறிவு இருந்தால் மூக்கு வழியே போடவே கூடாது. குழாய் மண்டைக்குள் போன நிகழ்வுகள் உண்டு.

நுனியை நீரில் கரையும் ஜெல்லால் வழவழப்பாக்குங்கள். எண்ணெய் வேண்டாம், நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியா வரும். மூக்கின் தரையை ஒட்டி நேராகப் பின்னோக்கித் தள்ளுங்கள், மேல்நோக்கி அல்ல. தொண்டையை எட்டியதும் தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தச் சொல்லுங்கள். அது மூச்சுப்பாதையை விட்டு உணவுக்குழாய் பக்கம் வழி காட்டும். விழுங்க முடிந்தவர் விழுங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். தடை வந்தால், தொடர்ந்து இருமினால், பேச முடியாமல் போனால், வெளியே எடுத்துவிடுங்கள்.

போட்டவுடன் தண்ணீர் விட்டு அலசுவது கைப்பழக்கத்தில் நடந்துவிடும் தவறு. இடம் உறுதியாகும் முன் ஒரு சொட்டும் போகக் கூடாது என்று 2012-இல் பிரிட்டனில் தனி எச்சரிக்கையே வந்தது. நுரையீரலில் இருக்கும் குழாயில் விட்ட தண்ணீர் உள்கம்பியின் வழவழப்புப் பூச்சோடு கலந்து திரும்பி வரும்போது, பிஎச் குறைவாகக் காட்டி ஏமாற்றும்.

எக்ஸ்ரேயில் 'வயிற்றில் இருப்பதுபோல் தெரிகிறது' என்று முடித்துவிடாதீர்கள். குழாய் மூச்சுக்கிளைகளின் வளைவைப் பின்பற்றாமல் உணவுக்குழாயின் பாதையில் இறங்குகிறதா, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தை நடுவில் வெட்டிக்கொண்டு போகிறதா, உதரவிதானத்தை நடுக்கோட்டில் கடக்கிறதா, நுனி இடப்பக்க உதரவிதானத்துக்குக் கீழே தெளிவாகத் தெரிகிறதா என்று நான்கையும் பார்க்க வேண்டும். படம் இந்த நோயாளியுடையதா, இப்போதைய குழாயுடையதா என்பதையும். பழைய படத்தைப் பார்த்து உணவு தொடங்கியதால் விபரீதங்கள் நடந்திருக்கின்றன. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அதற்குப் பயிற்சி பெற்றவர். பார்த்தவர் பெயர், நேரம், மூக்கில் நின்ற செ.மீ. மூன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

இன்னொன்று: உணவுக் குழாயை ட்ரிப் லைனில் மாற்றிப் பொருத்தும் ஆபத்து. இதைத் தடுக்கவே, ரத்தநாள இணைப்புகளில் பொருந்தாத என்ஃபிட் இணைப்பிகள் வந்திருக்கின்றன. அவை உங்கள் வார்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இணைக்கும் முன் குழாயை நோயாளியின் மூக்கு வரை விரலால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். உணவுக்கு ஊசி சிரிஞ்சை எடுக்காதீர்கள்.

கேள்வி: வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டது. உணவை நிறுத்திவிடலாமா? ஒவ்வொரு முறையும் வயிற்றில் மிச்சமிருப்பதை அளக்கச் சொல்கிறார்களே?

பதில்: உடனே உணவின் மேல் பழி போட வேண்டாம். ஆன்டிபயாடிக், இனிப்புக்குச் சார்பிட்டால் சேர்த்த சிரப் மருந்துகள், கழுவாத சிரிஞ்ச், நேரம் கடந்த உணவு ஆகியவற்றை முதலில் பாருங்கள். மிக வேகமாகக் கொடுப்பதும் காரணமாகலாம். மருத்துவரைக் கேட்காமல் உணவை நிறுத்தினால் ஊட்டம் குறைவதுதான் மிச்சம். மிச்ச அளவை ஒவ்வொரு வேளையும் அளக்கும் வழக்கத்தைப் பல தீவிர சிகிச்சைப் பிரிவுகள் கைவிட்டுவிட்டன. வீட்டில் அதைவிடப் பயனுள்ள அடையாளங்கள் வயிறு உப்பி இறுகுவது, வாந்தி, தொடர்ந்த எதுக்களிப்பு. உங்களை அளக்கச் சொல்லியிருந்தால், எவ்வளவு வந்தால் நிறுத்த வேண்டும், எடுத்ததைத் திருப்பி விட வேண்டுமா என்று எண்ணோடு எழுதி வாங்குங்கள். காப்பித்தூள் நிறத்தில் திரவம் வந்தாலோ மலம் தார் போலக் கறுத்தாலோ ரத்தக்கசிவு. தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மலம் இறுகினால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 30–35 மி.லி. என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 1800–2100 மி.லி. ஒரு மி.லி.க்கு ஒரு கலோரி தரும் உணவு 1500 மி.லி. கொடுத்தால் அதில் ஏறத்தாழ 1250 மி.லி.தான் தண்ணீர். மீதி அலசும் தண்ணீராலும் தனித் தண்ணீராலும் வர வேண்டும்.

கேள்வி: அண்ணன் பத்து நாளாக எதுவும் சாப்பிடாமல் மிகவும் மெலிந்துவிட்டார். குழாய் போட்டாயிற்று. சீக்கிரம் தேற, நிறையக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. பட்டினியில் கிடந்த உடலுக்குத் திடீரென்று மாவுச்சத்து வந்தால் இன்சுலின் சுரந்து, ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். அவற்றின் அளவு சரிந்தால் இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசை சோரும். இந்த நிலையில் உள்ளவருக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு அதிகபட்சம் 10 கலோரியில் தொடங்கி, 4 முதல் 7 நாளில் படிப்படியாகக் கூட்டுவதே பரிந்துரை. 40 கிலோ என்றால் முதல் நாள் 400 கலோரி. உணவைத் தொடங்கும் முன்பே தயமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும். இதை ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: குழாய் இருக்கும்போதே வாயாலும் கொடுத்துப் பழக்கலாமா? எத்தனை நாள் ஒரே குழாய் இருக்கலாம்?

பதில்: விழுங்கும் திறனைச் சோதிக்கத் தெரிந்த சிகிச்சையாளர் பார்த்து, எந்தப் பதத்தில், எந்த நிலையில், எவ்வளவு என்று சொன்ன பிறகு கொடுக்கலாம். மெல்லிய குழாய் இருக்கும்போதே விழுங்கும் பயிற்சி செய்ய முடியும். குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரத்தால் அன்றைக்கு நிறுத்துங்கள்.

சாதாரண பிவிசி குழாய் இரைப்பை அமிலத்தில் விறைத்துவிடும். ஏழு முதல் பத்து நாளில் மாற்றச் சொல்வார்கள். பாலியூரித்தேன், சிலிக்கோன் குழாய்கள் வாரக்கணக்கில் தாங்கும். சரியான நாள் கணக்கு உறையில் அச்சிட்டிருக்கும். அந்த உறையைத் தூக்கிப்போடாமல் பதிவேட்டில் ஒட்டி, போட்ட தேதியை எழுதிவையுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு மேலும் குழாய் உணவு தேவைப்படும் என்று தெரிந்தால், வயிற்றுச் சுவர் வழியே நேராக இரைப்பைக்குப் போடும் பெக் குழாய் பற்றிக் கேளுங்கள். மூக்குக் குழாயைப் போல அது எளிதில் நழுவாது, மூக்கில் புண்ணும் வராது. உணவின்போதும் அதன்பின்னும் தலையை உயர்த்தி வைப்பது, முன்னும் பின்னும் தண்ணீர் விடுவது, மாத்திரைகளைத் தனித்தனியாகக் கொடுப்பது எல்லாம் அதற்கும் அப்படியேதான்.